கத்தி போகிறதா, காய் வருகிறதா?

வெங்காயத்தை நாலாக வெட்டி மிக்ஸி ஜாரில் நிறையப் போட்டு ஒரு சுற்று விட்டுப் பாருங்கள். அடியில் கிடப்பது விழுதாகிவிடும். மேலே கிடப்பது போட்டது போட்டபடி நிற்கும். இன்னொரு சுற்று விட்டால் மேலே உள்ளதில் பாதி இறங்கும், விழுது மேலும் நீர்த்துப்போகும். அதே வெங்காயத்தை ஃபுட் பிராசஸரில் போட்டு நாலைந்து தடவை விட்டு விட்டுத் தட்டினால், கையால் நறுக்கியதற்குப் பக்கத்தில் வரும். அப்படியானால் பிராசஸர்தான் உசத்தியா? அதில் மாம்பழ மில்க் ஷேக் போட்டால் நார் நாராக மிதக்கும். பாலை அதிகம் ஊற்றியிருந்தால் நடுத்தண்டு வழியாக மேடை எல்லாம் வழியும்.

இரண்டிலும் இருப்பது ஒரு மோட்டார், ஒரு பாத்திரம், அடியில் சுழலும் ஒரு பிளேடு. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி. வேலையில் மட்டும் ஏன் இவ்வளவு பேதம்? பிளேடின் கூர்மையோ பெட்டியில் அச்சிட்ட வாட்டோ இதை விளக்காது. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்: காய் பிளேடைத் தேடி வருகிறதா, பிளேடு காயைத் தேடிப் போகிறதா?

ஜாருக்குள் ஒரு சுழல்

பிளெண்டரின் ஜார் (மிக்ஸியின் பெரிய ஜாரும் அப்படித்தான்) உயரமானது, அடியில் குறுகலானது. பிளேடு சின்னது. ஜாரில் பாலோ தண்ணீரோ இருக்கும்போது, சுழலும் பிளேடு தன்னைச் சுற்றியுள்ள திரவத்தைப் பக்கவாட்டில் வீசி எறிகிறது. சுவரில் மோதிய திரவத்துக்குப் போக்கிடம் மேலேதான். சுவரை ஒட்டி ஏறி, மேற்பரப்பில் நடுவை நோக்கித் திரும்பி, பிளேடுக்கு நேர் மேலே விழுந்திருக்கும் குழி வழியாக மறுபடி இறங்குகிறது. பழத் துண்டுகள் இந்த ஓட்டத்தில் சிக்கி, திரும்பத் திரும்பப் பிளேடைக் கடந்து போகின்றன. பிளேடு இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை; காய்தான் அதனிடம் வருகிறது. கூட்டி வருவது திரவம்.

ஜாரின் உட்சுவரில் நெட்டுக்குத்தாகச் சில மேடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வைத்ததல்ல. சுவர் வழவழப்பாக இருந்தால் உள்ளே இருப்பது மொத்தமாக, பிளேடோடு சேர்ந்தே சுற்றிக்கொண்டிருக்கும், அரைபடாது. மேடுகள் அந்தச் சுற்றைத் தடுத்து, ஓட்டத்தை மேலும் கீழுமாகத் திருப்பி விடுகின்றன.

திரவம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காதாலேயே கேட்கலாம். கெட்டிச் சட்னி அரைக்கும்போது மிக்ஸியின் சத்தம் சில நொடிகளில் திடீரென்று கீச்சென ஏறும். திறந்து பார்த்தால் சட்னி சுவரில் அப்பிக்கொண்டிருக்கும். பிளேடைச் சுற்றி வெறும் காற்று. அரைக்க ஒன்றும் இல்லாததால் மோட்டாரின் சுமை குறைந்து வேகம் எகிறிவிட்டது. கரண்டியால் வழித்துவிட்டு இரண்டு ஸ்பூன் தண்ணீர் சேர்த்தால் சத்தம் தணிந்து கனமாகும். பிளேடுக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

பிளெண்டரில் பிளேடின் கூர்மை இரண்டாம் பட்சம். விலை உயர்ந்த சில பிளெண்டர்களின் பிளேடில் விரலை வைத்தாலும் வெட்டாத அளவுக்கு மழுங்கலாகவே செய்கிறார்கள். வேகம்தான் அங்கே ஆயுதம். பிளேடை ஒட்டிய திரவம் அசுர வேகத்தில் ஓடும். ஒரு சில மில்லிமீட்டர் தள்ளி இருப்பது அவ்வளவு வேகமாக ஓடாது. இந்த வேக வித்தியாசத்துக்கு நடுவில் சிக்கிய எதுவும் இரு பக்கமும் இழுபட்டுக் கிழியும்.

இந்தக் கிழிக்கும் விசைக்கு அறிவியல் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1952-இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷி, மார்த்தா சேஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மரபுச் செய்தியைச் சுமப்பது புரதமா டி.என்.ஏ.வா என்று அறிய முயன்றார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், தன் கூட்டை வெளியே ஒட்டவைத்துவிட்டு எதையோ உள்ளே செலுத்துகிறது. எதை? வெளியே ஒட்டியிருக்கும் கூட்டை மட்டும், பாக்டீரியாவை உடைக்காமல், பிய்த்தெடுக்க வேண்டும். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது சமையலறைக்கென விற்ற ஒரு வேரிங் பிளெண்டர். கூடுகள் பிய்ந்து வந்தன. கதிரியக்கக் கந்தகத்தால் அடையாளமிட்ட புரதத்தில் பெரும்பகுதி வெளியே கிடந்தது; கதிரியக்கப் பாஸ்பரஸால் அடையாளமிட்ட டி.என்.ஏ. பாக்டீரியாவுக்குள் இருந்தது. ஹெர்ஷிக்கு 1969-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசோதனையைப் பிளெண்டர் பரிசோதனை என்றும் சொல்வதுண்டு.

அகலக் கிண்ணம், நீளப் பிளேடு

ஃபுட் பிராசஸரின் கிண்ணம் அகலமானது, அடி தட்டையானது. நடுவில் ஒரு தண்டு. அதில் மாட்டும் இரண்டு இறக்கைப் பிளேடு ஏறக்குறைய கிண்ணத்தின் சுவர் வரை நீளும். ஒரு இறக்கை தரையை உரசுகிற மாதிரி ஓடும், மற்றது கொஞ்சம் உயரத்தில். கிண்ணத்தின் தரையில் பிளேடு எட்டாத இடம் என்று அனேகமாக எதுவும் இல்லை. காய் எங்கே விழுந்தாலும் பிளேடு அங்கே வந்துவிடும். கூட்டி வருவதற்குத் திரவம் தேவையில்லை. காய்ந்த ரொட்டி, வேர்க்கடலை, கேரட், வெங்காயம் எல்லாம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துண்டாவது இதனால்தான்.

வேகம் குறைவு என்பதால் இங்கே கூர்மை முக்கியம். வெட்டுப்பட்ட துண்டுகள் சுவர்ப்பக்கம் எறியப்பட்டு அங்கேயே நின்றுவிடப் பார்க்கும். பட்டனை விட்டதும் கீழே விழுந்து அடுத்த வெட்டுக்குத் தயாராகும். பல்ஸ் பட்டன் இருப்பது அந்த ஒரு நொடி இடைவெளிக்காகத்தான். தொடர்ந்து ஓடவிட்டால் சுவரில் நிற்பது பெரிதாகவும், கீழே சிக்கியது கூழாகவும் போகும்.

பிளேடைக் கழற்றிவிட்டுத் தண்டின் மேல் ஒரு தட்டை மாட்டினால் கதையே வேறு. மேலே உள்ள குழாய் வழியாக வாழைக்காயை நிறுத்தித் தள்ளினால், சுழலும் தட்டிலுள்ள நீள வெட்டுவாய் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கனத்தில் ஒரு வில்லையைச் சீவிக் கீழே தள்ளும். துருவும் தட்டு என்றால் தேங்காயும் கேரட்டும் துருவலாக விழும். சீவப்பட்டது உடனே கீழே போய்விடுவதால் இரண்டாவது வெட்டு அதன்மேல் விழாது. பிளெண்டரால் எந்தக் காலத்திலும் செய்ய முடியாத வேலை இது. அங்கே ஒரு முறை வெட்டுப்பட்டதற்குத் தப்பிக்க வழியே கிடையாது.

வேகத்தைக் கொடுத்து முறுக்கை வாங்குவது

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மிக்ஸி பிளேடின் அகலம் 6 சென்டிமீட்டர் என்றும், சுமை இல்லாதபோது அது நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுற்றுகிறது என்றும் வைத்துக்கொண்டால், பிளேடின் முனை நொடிக்கு 56 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர்! பிராசஸர் பிளேடு 17 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் முனையின் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர்தான். சுற்றில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். பிளேடு நீளமாக இருப்பதால் முனை வேகத்தில் நான்கு மடங்காகக் குறைகிறது.

வேகத்தை இழந்த பிராசஸருக்கு அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது? முறுக்குவிசை. ஒரே அளவு திறனில் சுற்றைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால், தண்டைத் திருகும் விசை பன்னிரண்டு மடங்கு கூடும். சப்பாத்தி மாவு பிசைய வேண்டியது இதுதான். மாவு பிளேடைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். மெதுவாக, விடாப்பிடியாகத் திருகினால்தான் கோதுமையின் குளூட்டன் இழைகள் நீண்டு பின்னிக்கொள்ளும். அதே மாவை மிக்ஸி ஜாரில் போட்டால் மோட்டார் உறுமும், கருகல் வாடை வரும், அடியிலுள்ள சிவப்பு ஓவர்லோடு பட்டன் வெளியே தள்ளிக்கொண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும்.

இந்த வித்தியாசம் மோட்டாரிலேயே தொடங்குகிறது. மிக்ஸியிலும் பிளெண்டரிலும் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். சின்னது, எடை குறைவு, வேகம் அதிகம், சத்தமும் அதிகம். சுமைக்கு ஏற்றபடி அதன் வேகம் ஏறும், இறங்கும். சட்னி அரைக்கையில் கீச்சென்று கேட்டது அந்தக் குணம்தான். ஓட்டல்களுக்கான கனமான பிராசஸர்களில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் மோட்டார் இருக்கும். அதில் பிரஷ் இல்லை. அதன் வேகத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது மின்சாரத்தின் அலைவெண். சுமை ஏறினாலும் லேசாகத்தான் தளரும். நம் ஊர்க் கடைகளில் பிராசஸர் என்று விற்பவற்றில் பல, மிக்ஸி மோட்டாரையே வைத்துக்கொண்டு, பல்சக்கரங்களால் வேகத்தைக் குறைத்துக் கிண்ணத்துக்கு அனுப்புகின்றன.

எத்தனை செல்கள் உடைந்தன?

நறுக்குவதும் அரைப்பதும் அளவில் மட்டும் வேறுபட்டவை அல்ல, ருசியே மாறுகிறது. ஒரு வெங்காயச் செல்லின் அகலம் சுமார் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டர் கனசதுரமாக நறுக்கினால் ஒரு பக்கத்துக்கு 50 செல்கள். கத்தி பட்ட வெளி அடுக்கு மட்டும் உடைகிறது என்றால், மொத்தத்தில் 12 சதவீதம்தான் சேதம். 1 மில்லிமீட்டருக்கு நறுக்கினால் ஏறக்குறையப் பாதி செல்கள் உடைந்துவிடும். விழுதாக்கினால் கிட்டத்தட்ட எல்லாமே.

முழுச் செல்லுக்குள் கந்தகச் சேர்மங்களும் அவற்றை உடைக்கும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. செல் உடைந்த கணத்தில் இரண்டும் கலக்கின்றன. காரமும் நெடியும் பிறக்கின்றன. கண்ணீரை வரவைக்கும் வாயுவை உண்டாக்குவதற்கென்றே இன்னொரு நொதி இருப்பதை 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பச்சை வெங்காயத்தை அரைத்துக் கொஞ்ச நேரம் வைத்தால் கசப்பும் காட்டமும் தூக்கலாக இருப்பதும், அதே வெங்காயத்தை நறுக்கித் தயிர்ப்பச்சடியில் போட்டால் இனிப்பு எட்டிப் பார்ப்பதும் இந்தக் கணக்கின் விளைவே. குருமாவுக்கு அரைக்க வேண்டிய வெங்காயத்தை முதலில் வதக்கிக்கொள்வதில் வேதியியல் இருக்கிறது: சூட்டில் அந்த நொதிகள் செயலிழந்துவிடும், பிறகு எவ்வளவு அரைத்தாலும் பயமில்லை.

உருளைக்கிழங்கும் இப்படித்தான். வேகவைத்த கிழங்கைக் கையால் மசித்தால் செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும்; பெரும்பாலும் உடையாது. பிளெண்டரில் போட்டால் செல்லும் உடைந்து, உள்ளே ஊதிப்போயிருக்கும் மாவுச்சத்துத் துகளும் கிழிந்து, கிழங்கு கோந்துபோல இழுபடும்.

இரண்டு பிறப்பு

இவ்வளவு வித்தியாசம் ஏன் என்பதற்கு இரண்டின் பூர்வீகமும் பதில் சொல்லும். பிளெண்டர் பானத்துக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊர். ஹார்லிக்ஸ் மால்ட் பால் தயாரான ஊரும் அதுவே. அங்கே ஸ்டீபன் பாப்லாவ்ஸ்கி என்பவர் 1922-இல், சோடாக் கடைகளில் மால்ட் பால் கலக்குவதற்காகக் குவளையின் அடியிலேயே சுழலும் பகுதியை வைத்தார். பின்னர் ஃபிரெட் ஆசியஸ் என்பவர் உருவாக்கிய இயந்திரத்துக்குப் பணம் போட்டு, 1937-இல் சிகாகோ உணவகக் கண்காட்சியில் அறிமுகம் செய்தவர் ஃபிரெட் வேரிங். அவர் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர். ஹெர்ஷியின் ஆய்வகத்துக்குப் போன பிளெண்டரில் இருந்தது அவர் பெயர்தான்.

பிராசஸர் பிறந்தது பிரான்சின் ஓட்டல் சமையலறைகளில். அவற்றுக்குச் சாமான் விற்றுவந்த பியேர் வெர்டன், நறுக்குவதிலும் துருவுவதிலும் ஆட்களின் நேரம் எவ்வளவு கரைகிறது என்பதைக் கவனித்தார். 1960-களில் அவர் கொண்டுவந்த இயந்திரம் ரோபோ-கூப். வீட்டுக்கான சின்ன வடிவம் மாஜிமிக்ஸ். அமெரிக்கப் பொறியாளர் கார்ல் சான்தைமர் 1971-இல் பிரான்சில் அந்த ஓட்டல் இயந்திரத்தைப் பார்த்து, வீட்டுக்கு ஏற்றபடி மாற்றி, 1973-இல் குசினார்ட் என்ற பெயரில் அறிமுகம் செய்தார். அதுவும் சிகாகோவில், வேறொரு கண்காட்சியில். குடிப்பதற்கு ஒன்று, நறுக்குவதற்கு ஒன்று.

நம் மிக்ஸி எந்தக் கட்சி?

இரண்டுமே காய்ந்த மிளகாயையும் மஞ்சளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. மும்பையில் மாதுரி மாத்தூர் வைத்திருந்த ஜெர்மானிய பிரவுன் இயந்திரம் இந்தியச் சமையலுக்குத் தாக்குப்பிடிக்காமல் பழுதானது. இங்கே அதைச் சரிசெய்யவும் வழியில்லை. சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவருடைய கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர், நம் சமையலுக்குத் தகுந்த ஒன்றைத் தானே செய்ய இறங்கினார். அப்படி 1960-களில் வந்ததுதான் சுமீத் மிக்ஸி. 1978-இல் சென்னையில் ப்ரீத்தி தொடங்கியது.

மிக்ஸியின் சட்னி ஜாரைத் திறந்து பாருங்கள். பிளேடு சின்னதுதான், ஆனால் ஜாரும் சின்னது. அடியின் பெரும்பகுதியைப் பிளேடே அடைத்துக்கொள்கிறது. குட்டையான ஜார் என்பதால் மேலே தெறிப்பது மூடியில் இடித்து உடனே கீழே விழுகிறது. அதாவது, காயைத் தேடிப் போகும் பிராசஸரின் அமைப்பு. ஆனால் மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓடும் பிளெண்டரின் வேகம். வறுத்த தனியா தண்ணீர் இல்லாமல் தூளாவது இந்தக் கலப்பினால்தான். அந்தத் தாக்குதலைக் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ நெடுநாள் தாங்காது. எவர்சில்வர் ஜார் தாங்கும். அதே மோட்டாரில் ஒன்றரை லிட்டர் ஜாரை மாட்டினால், பிளேடுக்கு எட்டாத இடம் கூடிவிடும். அது மறுபடி பிளெண்டராகி, தண்ணீர் கேட்கும். ஒரே அடிப்பகுதி, ஜாருக்கு ஜார் வேறு இயந்திரம்.

அப்படியும் மிக்ஸிக்கு எல்லை உண்டு. அரைக்கப் போகும் ஆற்றல் கடைசியில் சூடாகத்தான் மாறும். 1840-களில் ஜேம்ஸ் ஜூல் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி நிறுவிய உண்மை அது. 750 வாட் மிக்ஸி முழுத் திறனில் 5 நிமிடம் ஓடினால் இழுக்கும் ஆற்றல் 225 கிலோஜூல். அதில் பாதி ஜாருக்குள் போனாலே ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பம் 27 டிகிரி ஏறும். வெயில் காலத்தில் 30 டிகிரியில் தொடங்கிய உளுந்து மாவு 57-ஐத் தொடும். உளுந்தோடு வந்து மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களுக்கு அது ஆகாது. மிக்ஸியில் இட்லி மாவு அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றுவதும், விட்டு விட்டு ஓட்டுவதும் இதனால்தான்.

கிரைண்டரில் பிளேடே கிடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்குகிறது. வீட்டு கிரைண்டர் பெரும்பாலும் 150 வாட். அரை மணி நேரம் ஓடினால் 270 கிலோஜூல். மிக்ஸி எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலே. ஆனால் மாவு அதிகம், நேரம் அதிகம், வாய் திறந்த பாத்திரம். சூடு வந்த வேகத்திலேயே வெளியேறவும் வழி இருக்கிறது. கிரைண்டர் செய்யும் தொழிலைக் கோயம்புத்தூரில் 1955-இல் தொடங்கிவைத்தவர் சபாபதி என்பவர்; அந்த ஊர் கிரைண்டருக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. 2011-இல் தமிழக அரசு விலையில்லாப் பொருள்கள் கொடுத்தபோது மிக்ஸியோடு கிரைண்டரையும் சேர்த்தே கொடுத்தது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நம் வீடுகளில் யாரும் சொல்லமாட்டார்கள் என்பது அதிகாரிகளுக்கும் தெரிந்திருந்தது.

வாங்குவதற்கு முன்

மில்க் ஷேக், சூப், பழக்கூழ் என்று குடிப்பவையே அதிகம் என்றால் பிளெண்டர் போதும். சட்னி, மசாலாப் பொடி, தேங்காய் விழுது என்றால் மிக்ஸியை அசைக்க ஆளில்லை. அதிலேயே பெரிய ஜாரில் ஜூஸும் ஆகிவிடும். தினமும் பத்துப் பேருக்குக் காய் நறுக்க வேண்டும், மாவு பிசைய வேண்டும், வற்றலுக்கு வில்லை சீவ வேண்டும் என்றால்தான் பிராசஸருக்குக் கொடுக்கும் காசு பலிக்கும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் நாலு வெங்காயத்துக்காக அதை எடுத்து, ஓட்டி, நாலு பாகமாகக் கழற்றிக் கழுவுவதற்குள் அரிவாள்மனை வேலையை முடித்துவிடும்.

750 வாட்டா 1,000 வாட்டா என்று கடைக்காரர் ஆரம்பிப்பார். அது மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைச் சொல்லுமே தவிர, எதை அரைக்கும் என்பதைச் சொல்லாது. மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பிளேடின் முனைக்கும் பாத்திரத்தின் சுவருக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். இடைவெளி நிறைய இருந்தால், உங்கள் சமையலில் தண்ணீர் சேர்க்கத் தயாராக இருக்க வேண்டும்; கொஞ்சமே இருந்தால் உலர்ந்ததையும் நம்பிப் போடலாம்.